அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்ன நாள்

போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்பு, மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதியில் நாற்காலி போட்டு, டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். செங்கல் சூளை, லாரி, முட்டுக்காட்டில் படகு என்று எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை.

அங்கே ஒரு பயிற்சி நடந்தது. சண்டையில் பிரிந்து நிற்கும் கணவன் மனைவியை மறுபடி எப்படிப் பேசவைப்பது என்று ஆலோசகர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு பேர் தம்பதியாக நடிப்பார்கள், மற்றவர்கள் பழகுவார்கள். மூன்றாம் நாள் கணவனாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. பயிற்சி கொடுத்த அம்மா, டீ கொண்டுபோன என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

கதவருகே நின்ற சமையல்காரர் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, வூட்டுல ஒயுங்கா புருஷனா இருக்கத் துப்பில்ல, இங்க நடிக்கப் போறியா?"

அவருக்கு என் கதை தெரியும். நான் லாரியோடு ஆந்திரா போயிருந்தபோது, என் மனைவிக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. அவள் படாளத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "புள்ளைக்கு இப்டின்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அதை நானும் நம்பினேன்.

எதிரே மனைவியாக உட்கார்ந்த பெண் சொன்னார்: "மூணு நாளா எனக்கு ஜுரம். நீங்க ஏன்னுகூட கேக்கல."

"வேலைக்குப் போறது குத்தமா?" என்றேன்.

"பதில் வேணாம் தம்பி. அவங்க சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. அவங்க 'ஆமா'ன்ற வரைக்கும்" என்றார் அந்த அம்மா.

மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் என் நியாயம்தான் வாயில் வந்தது. அந்தப் பெண் சொன்ன ஜுரம் ஒரு தடவைகூட வரவில்லை. சுற்றி உட்கார்ந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரி ஏறிய அன்று காலை என் மனைவியும் ஏதோ சொன்னாள். நான் பதிலுக்குக் கத்தியது நினைவிருந்தது. அவள் சொன்னது நினைவில்லை.

மறுநாள் செங்கல்பட்டில் பஸ் மாறி படாளம் போனேன். அவள் விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் கெளம்புன அன்னிக்கு நீ இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

"இப்ப வந்து கேக்கறியா? இன்னாத்துக்குய்யா?"

நான் நகராமல் நின்றேன். ஒரு முறம் கடலை உடைத்து முடித்த பிறகு சொன்னாள். "புள்ள நேத்துலருந்து அசையல. பயமா கீது. ஆஸ்பத்திரிக்குக் கூட வான்னேன். எப்பப் பாத்தாலும் போவாத போவாதன்றியேன்னு கத்திட்டு லாரி ஏறிட்ட."

"புள்ள அசையலன்னு சொன்ன" என்றேன்.

"அத்த மட்டுமா சொன்னேன்?"

"பயமா கீதுன்னு சொன்ன. கூட வரச் சொன்ன."

அவள் கை நின்றது. "ஆமா" என்றாள். பிறகு அடுத்த கடலையை எடுத்தாள்.

அவள் என்னோடு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. வரச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. ஒன்று மட்டும் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் கூடவே வருகிறது: அன்று காலை அவள் சொன்னதை என் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லியிருந்தால், அது என் காதிலாவது விழுந்திருக்கும்.