ஐந்தாவது ஆள்

அடிப்படை உரிமைகளைப் பற்றித் தெருவுக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான், போலீஸ் ஜீப்பைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடித் தறிக்குழியில் பதுங்கினேன். அப்போது நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

நெருக்கடி நிலைக் காலம். ஐந்து பேர் கூடி நிற்கக் கூடாது என்று ஊரில் தடை உத்தரவு. ஆனால் புடவைக்குப் பாவு போட, பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துப் பிடிக்க ஐந்து பேராவது வேண்டும்.

"தொழில் செய்யறது நம்ம உரிமைபா. அதைக் காப்பாத்தத்தான் சர்க்கார் இருக்குது" என்று காலையில் மற்ற நால்வரையும் வரவழைத்தவன் நான்தான்.

முந்தின வாரம் அதே ஜீப்பில் அடுத்த தெரு வாத்தியாரை ஏற்றிப்போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. குழிக்குள் என் முழங்கால்கள் தறியில் இடித்தன. சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். மற்றவர்கள் ஓடவும் முடியாது. அவர்களும் பிடியை விட்டால் பட்டு மண்ணில் விழுந்து சிக்காகிவிடும்.

பூட்ஸ் சத்தம் என் வாசலருகே நின்றது.

"எத்தனை பேருய்யா?"

இன்ஸ்பெக்டரே உரக்க எண்ணினார். நாலோடு நின்றது.

"சரி, சீக்கிரம் முடிங்க."

ஜீப் போன பிறகும் நான் குழியை விட்டு ஏறவில்லை. நால்வரில் ஒருவரான பக்கத்து வீட்டு நெசவாளர், தன் பிடியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இத்தினி மாசமா உரிமை உரிமைன்னு நீ பேசிக்கினு இருந்ததுல ஒண்ணும் ஆவலபா. இன்னிக்கு நீ ஓடுனதாலதான் நாங்க நாலு பேரும் தப்பிச்சோம்."