கூடாரக்காரப் பதியுதீனும் மேகத்தின் குளிரும்

கொட்டாஞ்சேனையில் கலியாணமோ கத்தம் ஓதலோ கோயில் திருவிழாவோ, வாசலில் கூடாரம் எழும்புகிறதென்றால் பெரும்பாலும் அது பதியுதீனுடையதாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் தொழில். இரும்புக் குழாய்களும் நீல விரிப்பும் ஏற்றிய லொறி ஒன்று, ஐந்து வேலையாட்கள், மூலையில் சுருட்டி வைத்த கயிறுகள். காலையில் வாசலுக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது வானத்தை. பிறகுதான் மனைவி பலீலா தரும் பிளேன் டீ.

அந்த வானம் ஒருமுறை அவரை நன்றாக ஏமாற்றியது. ஒக்டோபர் மாதம், வெள்ளவத்தையில் ஒரு பிறந்தநாள் விழா. கடற்பக்கம் துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது. "இண்டைக்கு மழையில்ல" என்று வீட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு நின்றவர், பின்னேரம் நாலு மணிக்கு முதுகுப் பக்கமிருந்து வந்த காற்றைக் கவனிக்கவில்லை. ஒரே இழுப்பில் கூடாரம் மேலே கிளம்பியது. குழாய் ஒன்று முறிந்து, கயிற்றைப் பிடித்து நின்ற காளியப்பனின் தோளில் விழுந்தது. பதினைந்து வருடம் அவருடன் வேலை செய்தவன். மூன்று மாதம் அவனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவனுடைய மனைவி இராமலெட்சுமி பதியுதீனை ஒரு வார்த்தை ஏசவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "உக்காருங்க மொதலாளி" என்றாள். அது ஏச்சைவிடக் கனமாக இருந்தது.

அடுத்த ஏப்ரலில்தான் துஷ்யந்தி அவருடைய வாழ்க்கைக்குள் வந்தாள். வெள்ளவத்தையில் அவளுடைய அண்ணனின் கலியாணத்துக்குக் கூடாரம் கேட்டிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். வானிலை அலுவலகத்தில் வேலை. பதியுதீன் வழக்கம்போலக் கடலைப் பார்த்து, "மகள், மழ வராது" என்றார்.

அண்ணன் என்ற முறையில் அவரை 'நானா' என்று அழைத்து அவள் சிரித்தாள். "நானா, இந்த மாசத்தில மழை கடலால வாறேல்லை. கிழக்க அவிசாவளைப் பக்கத்தில எழும்பி இஞ்சால வரும். இதைப் பாருங்கோ."

போனில் இலங்கையின் படம். அதன்மேல் சாம்பல் நிறத் திட்டுகள், நடுவில் ஓரிடத்தில் நீலம், அதற்குள் சிறு சிவப்புப் பொட்டு.

"இது என்ன போட்டோவா?"

"போட்டோ மாதிரித்தான், ஆனா வெளிச்சத்தை எடுக்கேல்லை, சூட்டை எடுக்குது. எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் விடும், நானா. இன்ஃப்ராரெட் எண்டு சொல்லுவினம். மேல விண்வெளியில நிக்கிற செய்மதி அதை அளக்குது. மேகம் எவ்வளவு உயரம் போகுதோ, அதின்ர உச்சி அவ்வளவுக்குக் குளிரும். சிவப்பெண்டா பூச்சியத்துக்குக் கீழ எழுபது பாகை. அப்பிடி ஒரு மேகம் வளர்ந்தா, அதுக்குக் கீழ நிக்கக் கூடாது."

பதியுதீன் போனைக் கையில் வாங்கினார். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொட்டு பெருத்து, மேற்கே ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அன்று நாலே காலுக்கு மழை கொட்டியபோது அவருடைய கயிறுகள் எல்லாம் இரட்டைக் கட்டில் இருந்தன. கூடாரத்தில் ஒரு கிழிசல்கூட இல்லை. காளியப்பனைக் குழாய்களுக்குத் தூரமாகச் சாப்பாட்டு மேசைப் பக்கம் நிறுத்தியிருந்தார்.

அதற்குப் பிறகு மகள் நுஹா அவருடைய போனிலும் அந்தப் படத்தைத் திறந்து கொடுத்தாள். உதிரிச் சாமான் வாங்கப் போகும் வழியில், ஜும்மாவுக்குப் போகுமுன், பேருந்தில் நின்றபடி என்று எந்நேரமும் மேக உச்சியின் குளிரைப் பார்த்தார். "மனுசன் போனோட கலியாணம் முடிச்சிட்டார்" என்று பலீலா பக்கத்து வீட்டில் சொன்னாள்.

ஆனால் படமும் ஒருநாள் கைவிட்டது. கொம்பனித்தெருவில் ஒரு நிக்காஹ். போனில் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, ஒரே சாம்பல் நிறம். ஆனால் கடலோரமாக வந்த தாழ்ந்த மேகம் ஒன்று அரைமணி நேரம் தூறி, திறந்த வெளியில் விரித்திருந்த கம்பளத்தை நனைத்துவிட்டது. பதியுதீன் கோபத்தில் துஷ்யந்திக்கு அழைப்பெடுத்தார்.

"உங்கட செய்மதி பொய் செல்லுது மகள்!"

"பொய்யில்லை நானா. அது பதிஞ்ச மேகம். அதின்ர மேற்பக்கம் கடல் அளவுக்குச் சூடா இருக்கும். சூட்டை மட்டும் பாத்தா மேகம் எது, கடல் எதெண்டு பிரிக்கக் கஷ்டம்." உடனே, "எத்தினை மணிக்குத் தூறினது?" என்று கேட்டாள்.

"பதினொண்டு பத்துக்குத் தொடங்கி பதினொண்டு நாப்பதுக்கு உட்டிச்சு. எழுதி வெச்சீக்கன்."

அந்த நேரங்களை அவள் குறித்துக்கொண்டாள். பிறகு, "எழுதி வைக்கிறனீங்களா?"

அவர் இருபத்திரண்டு வருடமாக எழுதி வந்தார். மழை வந்ததா, எப்போது வந்தது என்று பிறகு வீட்டுக்காரர்கள் வாக்குவாதம் பண்ணுவார்கள் என்பதால் தொடங்கிய பழக்கம். இடம், தொடங்கிய நேரம், விட்ட நேரம், தூறலா கொட்டலா, காற்று எந்தப் பக்கம் என்று வருடத்துக்கொரு டயரி. கொட்டாஞ்சேனை முதல் பம்பலப்பிட்டி வரை, மழைமானி எதுவும் இல்லாத சந்து ஒழுங்கைகளில் எல்லாம் மழை விழுந்த நிமிடம் அவற்றில் இருந்தது.

துஷ்யந்தி மறுநாளே வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டயரிகளைப் புரட்டினாள். இருபது வருடத்துச் செய்மதி அளவுகளை வைத்துக் கொழும்பின் மழை எப்படி மாறிவருகிறது என்று அவளும் இன்னும் மூன்று பேரும் ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். மேலேயிருந்து அளந்தது சரியா என்று பார்க்கக் கீழே ஒரு சாட்சி வேண்டியிருந்தது. முக்கியமாக, செய்மதியின் கண்ணுக்குத் தப்பும் சூடான மேகங்களுக்கு.

"நானா, இதுகளைக் கொஞ்ச நாளைக்குத் தருவீங்களா?"

"கொஞ்ச நாளைக்கு என்னத்துக்கு? வேல முடியிற வரைக்கும் வெச்சிக்கோங்க" என்றார் பதியுதீன். தன் கோணல் எழுத்தை யாரும் இப்படி இரண்டு கையாலும் தூக்கியதில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலில் கொலன்னாவையில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழா. மைதானத்தில் பெரிய கூடாரம், நானூறு கதிரை. மூன்று மணிக்குத் தொடக்கம். வெயில் எரித்தது. ஒன்று இருபதுக்குப் போன் படத்தில், கிழக்கே ஹன்வெல்லைப் பக்கம் ஒரு நீலத் திட்டு. ஒன்று முப்பதுக்கு அதற்குள் சிவப்பு. ஒன்று நாற்பதுக்கு அந்தச் சிவப்பு இரண்டு மடங்கு. பதியுதீன் அதற்குமேல் காத்திருக்கவில்லை. துஷ்யந்திக்கு எடுத்தார். அவள் கடமையில் இருந்தாள்.

"நாங்களும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறம். எச்சரிக்கை இப்ப வெளியில போகுது. உங்களுக்கு நாப்பது நிமிசம் இருக்கும், நானா. இரும்புக்குக் கீழ ஒருத்தரையும் வைக்காதேங்கோ."

அவர் காளியப்பனைப் பார்த்து, "கூடாரத்த எறக்கு" என்றார்.

"மொதலாளி, வெயிலு இந்த அடி அடிக்குது!"

"எறக்கு, காளி."

விழாவுக்குப் பொறுப்பான ஜவாஹிறா டீச்சர் மைதானத்தின் அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தார். "என்ன செய்றீங்க? சீஃப் கெஸ்ட் வந்துட்டு ஈக்காங்க! உங்களுக்கென்ன பைத்தியமா?"

"என்னெ ஏசுங்க டீச்சர், எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசுங்க. புள்ளைகள மட்டும் ஸ்கூல் ஹோலுக்குள்ள எடுங்க." போனை நீட்டினார். "இந்தச் சிவப்பு மேகம் இங்கதான் வருது."

டீச்சர் படத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பதியுதீனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம்தான் அவரை அசைத்திருக்க வேண்டும். "எல்லாரும் உள்ள!" என்று கத்தினார்.

கடைசிக் குழாயைத் தரையில் படுக்க வைக்கும்போது மணி இரண்டு பதினைந்து. கிழக்கு கறுத்திருந்தது. ஐந்து நிமிடத்தில் காற்று வந்தது. மைதானத்து ஓரத்தில் நின்ற மாமரத்தின் பெரிய கிளை, பிள்ளைகளுக்குப் போட்டிருந்த முன்வரிசைக் கதிரைகளின்மேல் விழுந்தது. அதன்பின் மின்னல், பக்கத்தில் எங்கோ. ஹோலுக்குள் நானூறு பேர் ஒரே குரலில் அலறினார்கள். பிறகு சின்னப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

பரிசளிப்பு ஹோலுக்குள்ளேயே நெரிசலில் நடந்தது. முடிந்ததும் ஜவாஹிறா டீச்சர் ஈரச் சேலையோடு வந்து நின்றார். அந்தப் படத்தை இன்னொரு தரம் காட்டச் சொன்னார். அவருடைய கடைசி மகள் அந்த முன்வரிசையில் உட்கார இருந்தவள்.

லொறியில் திரும்பும்போது பதியுதீன் துஷ்யந்திக்கு எடுத்தார். "மகள், உங்களுக்கு நான் எப்பிடி நன்றி செல்ற?"

"எனக்கில்லை நானா. அந்தக் கருவியைச் செய்தவை இருக்கினம். அது ஒழுங்கா அளக்குதோ எண்டு ஒவ்வொரு நாளும் சரிபாக்கிறவை இருக்கினம். எத்தினையோ நாட்டுச் சனம். நான் படத்தைப் பாத்துச் சொல்லுறன், அவ்வளவுதான். உங்கட டயரியும் அதில சேர்ந்திட்டுது. எங்கட ஆராய்ச்சிக் கட்டுரையில நன்றி எண்டு உங்கட பேர் வருது. நுஹாவிட்ட அனுப்பியிருக்கிறன்."

பதியுதீன் போனை மடியில் வைத்தார். பக்கத்தில் காளியப்பன் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான், இரண்டு கையாலும்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவர் கையேந்திக் கேட்ட துஆ நீண்டுகொண்டே போனது. தேநீர் ஆறிவிட்டதென்று பலீலா இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். "இவ்வளவு நேரம் யாருக்கு?" என்று கேட்டாள்.

"பேர் தெரியாது" என்றார் அவர். "எந்த நாடு, என்ன மார்க்கம், ஒண்டும் தெரியாது. எண்டாலும் அவங்கட புள்ளகுட்டிகள் நல்லா ஈக்கோணும்."

பலீலா கோப்பையை மறுபடி சுடவைக்க எடுத்துப் போனாள்.