இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் தின்று தீர்த்த வளவு

என் கணவர் கேதீஸ்வரனைப் பற்றி மெல்பேர்ன் தமிழ்ச் சனத்திடம் இரண்டு கருத்து உண்டு. ஒன்று, தங்கமான மனிதர் என்பது. மற்றது, அவருக்கு விசர் என்பது. பதினெட்டு வருசம் கூட இருந்தவள் சொல்கிறேன், இரண்டும் சரி.

இவர் கிளேட்டனில் ஒரு டயர் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். இந்தச் சம்பளத்துக்குக் கிளென் வேவர்லியில் வீடு கட்டுப்படியாகாது. ஆனாலும் மகள் நிரோசாவின் பள்ளிக்கூடத்துக்காக 2001 கடைசியில் அங்கே ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் குடியிருந்தால்தான் இடம் தருவார்கள். எல்லைக்கோடு எங்கள் வேலியோடு முடிந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு பள்ளிக்கூடம். குசினிக் குழாய் ஒழுகியபோதும் சுவர் வெடித்தபோதும் நாங்கள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டால் பிள்ளையின் படிப்பு என்னாவது? கடவுளுக்குக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை, வீட்டு ஏஜென்டுக்குப் பயந்தேன்.

2004இல் டொக்டர் இவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, சீனி ஏறுகிறது, கீரை கூடச் சாப்பிடுங்கோ என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். இவர் வேலையிடத்தில் யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரத்தையும் வாசித்துவிட்டு வந்து, வீட்டிலிருந்த மரக்கறியை எல்லாம் மேசையில் பரப்பி, "இதெல்லாம் நஞ்சு, ராணி. இனி இந்த வீட்டில இயற்கைச் சாப்பாடு மட்டும்தான்" என்றார். அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. நஞ்சென்று சொல்லிச் சொல்லியே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ஒர்கானிக் கடைக்குப் போனார். இலை இலையாய் மூடிய ஒரு கோவாவைத் தூக்கினார், விலையைப் பார்த்தார், நித்திரைக் குழந்தையைக் கிடத்துவதுபோல மெல்லத் திரும்ப வைத்தார். கரட்டுக்கும் அதே மரியாதை. வெறுங்கையோடு வெளியேறப் போன நேரத்தில் ஒரு மூலையில் அப்படியே நின்றுவிட்டார். அங்கே மண்ணிறக் கடதாசியில் சுற்றி, சணல் நூலால் கட்டி, குப்பைக்கீரை வைத்திருந்தார்கள். நான் இரண்டு வருசமாகப் பின்வளவில் பிடுங்கிப் பிடுங்கி எறிகிற அதே குப்பைக்கீரை! அதன் விலை கோவாவின் விலையைவிடக் கூட.

"இஞ்சரும், நாங்கள் பணக்காரர்" என்றார் இவர். கண் கலங்கியிருந்தது.

அன்றோடு புல்வெட்டும் மெசினைக் கராஜுக்குள் பூட்டினார். பின்வளவில் புல் ஒதுங்கிக் குப்பைக்கீரை ஏறியது, வேலியோரம் மணித்தக்காளி காய்த்தது. காலையில் கீரை வறை, மத்தியானம் கீரைக்கறி, இரவில் கீரைப் பிட்டு. நிரோசா ஒரு நாள் தன் நாக்கைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அம்மா, ஐ திங்க் ஐம் டேர்னிங் கிரீன்" என்றாள். நாக்கு சிவப்பாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம். வீட்டுக்கு யார் வந்தாலும் இவர் வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "விதைக்கேல்லை, பசளை போடேல்லை. இயற்கைத்தாய் தானாத் தந்தது" என்று கையை விரித்துக் காட்டுவார். அந்த வருசங்களில் மழையே இல்லை, புல்லுக்குத் தண்ணீர் விடத் தடை. தெரு முழுக்க வளவுகள் காய்ந்து கருகிக் கிடக்க, எங்களுடையது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. குளிக்கிற தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்ற வேண்டும் என்பது இவர் போட்ட சட்டம். நான் நுரை பொங்கச் சவர்க்காரம் போட்டால் அதற்கும் பேச்சு. கண்டறியாத இயற்கை!

இதற்குள் ஒரு களவும் நடந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிற நாட்களில் யாரோ கீரை வெட்டினார்கள். பிடுங்கவில்லை, அடித்தண்டை விட்டுச் சிறு கத்தியால் நறுக்கென்று வெட்டியிருந்தார்கள். "கீரையின்ர அருமை தெரிஞ்ச ஆள்தான்" என்று துப்புத் துலக்கிய இவர், தெருமுனையில் இருந்த வரதராஜன்தான் கள்ளன் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஏனென்றால் அந்தத் தெருவில் எங்களை விட்டால் அவர் ஒருவர்தான் தமிழர். பாவம், அந்த மனிதர் கோயிலில் வணக்கம் சொல்லும்போதெல்லாம் இவர் முகத்தைத் தூணுக்குத் திருப்புவார். இப்படி இரண்டு வருசம்.

2007 ஜனவரியில் வந்தது வினை. ஒரு ஞாயிறு மாலை இவர் முன்வேலியில் நின்று மணித்தக்காளிப் பழத்தை ஒவ்வொன்றாக ஆய்ந்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு ஜேனட் அதைக் கண்டுவிட்டாள். அந்தக் கறுப்புப் பழம் ஆளைக் கொல்லும் என்று இங்கே சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்ப்பார்களாம். மனம் உடைந்துபோன மனிதர் தற்கொலை செய்கிறார் என்று நினைத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். வந்தவர்கள் இவரை இருத்தி, எத்தனை பழம் என்று கேட்டார்கள்.

"இண்டைக்கு ஒரு நாப்பது" என்றார் இவர் பெருமையாக. "நேற்று அறுபது."

பிடித்த பிடியில் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போய்விட்டார்கள். நாலு மணித்தியாலம் படுக்க வைத்துப் பார்த்தும் ஒன்றும் நடக்காததால் அனுப்பிவிட்டார்கள். சீனி நன்றாக இறங்கியிருக்கிறது என்று அங்கேயும் சொன்னார்களாம். இவருக்கு அது ஒரு சான்றிதழ்.

ஆனால் கதை ஏஜென்டின் காதுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை கடிதம் வந்தது. வளவில் நச்சுச் செடிகள் வளர்க்கிறீர்கள், பத்து நாளில் களை முழுவதையும் அகற்ற வேண்டும், வீட்டுக்காரரோடு பார்க்க வருவோம், திருப்தி இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. நிரோசாவுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு, கடைசி வருசம். கடிதத்தை வாசித்துவிட்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். 

"இண்டைக்கே எல்லாத்தையும் பிடுங்கிக் குப்பைத்தொட்டிக்குள்ள போடுங்கோ!" என்று கத்தினேன்.

"பிடுங்குறன். ஆனா எறியச் சொல்லாதையும், ராணி. அந்தப் பாவத்தை மட்டும் செய்ய மாட்டன்."

எறியாவிட்டால் பிறகு என்ன, தின்னத்தானே வேண்டும்! இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். விடியற்காலையில் அரிவாளும் கையுமாக இறங்கி, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பிடுங்கினார். நான் மூன்று அடுப்பில் வறை, கடையல், பிட்டு, வடை, சொதி என்று மாறி மாறிச் செய்தேன். சனம் பட்டுச்சீலையோடும் பரிசுப் பெட்டிகளோடும் வந்தது.

"என்ன விசேஷம், அன்ரி? பிள்ளைக்குப் பிறந்த நாளோ?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லை பிள்ளை, வீட்டு இன்ஸ்பெக்‌ஷன்" என்றேன். சொல்லி முடிக்க முதல் எனக்கே சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இவர் ஒவ்வொருவரின் சாப்பாட்டுக் கோப்பைக்கும் பக்கத்தில் போய், "வடிவாச் சாப்பிடுங்கோ, வேலியோரம் இன்னும் கிடக்கு" என்று கெஞ்சினார். பின்னேரம் வளவில் ஒரு இலை இல்லை. மிஞ்சிய கடையலை ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் வந்தான். பிரெட் என்று பெயர், கழுத்துப்பட்டியும் படிவமும். பின்னால் வீட்டுக்காரர் கோஸ்டா, கிரேக்கர். அவருக்குப் பின்னால் அவருடைய தாய், கலியோப்பி. கறுப்புச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தக் கிழவி எங்களைப் பார்க்கவுமில்லை. யாரும் வழி காட்டாமலே பக்கத்துப் படலையைத் திறந்து பின்வளவுக்குப் போனா. வெறும் மண்ணைக் கண்டதும் வாயில் அடித்துக்கொண்டு போட்டா ஒரு சத்தம். எனக்கு விளங்கவில்லை, ஆனால் செத்த வீட்டில் வைக்கிற சத்தம் எந்த மொழியிலும் ஒன்றுதான். பை கைநழுவி விழுந்து, அதற்குள்ளிருந்து ஒரு சிறு கத்தி வெளியே வந்தது.

கோஸ்டா கூச்சத்தோடு சொன்னார். அவர்கள் முப்பது வருசம் இந்த வீட்டில் இருந்தவர்கள். கீரை விதை அம்மா கொண்டுவந்து போட்டது. வீடு மாறின பிறகு கடைக்கீரையை வாயில் வைக்க மாட்டாவாம். இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறா, தன் கீரை திரும்பவும் எழும்பி நின்றதாம். அதற்குப் பிறகு படலைப் பூட்டின் பழைய திறப்பு ஒன்றை வைத்துக்கொண்டு வந்து வெட்டிப் போவாவாம். நேற்றுத்தான் தனக்கே இது தெரிய வந்தது, மன்னியுங்கள் என்றார்.

இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மூன்று வருசமாகக் கண்டவருக்கெல்லாம் சொல்லித் திரிந்த இயற்கைத்தாய், ஏழு அளவுச் செருப்போடு முன்னால் நின்று மூக்கைச் சிந்தினா.

"அப்ப... வரதராஜன் இல்லையோ?" என்றார் என்னைப் பார்த்து.

நான் உள்ளே ஓடிப்போய் ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்து வந்து கரண்டியோடு கிழவியிடம் நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நின்ற நிலையில் ஒரு வாய், இன்னொரு வாய். பிறகு ஏதோ கடுமையாகச் சொன்னா. தேங்காய்ப்பால் விட்டது பிழையாம், ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ப்புளியும் விட வேணுமாம். பெட்டியை மட்டும் திருப்பித் தரவில்லை.

பிறகு முழங்காலை ஊன்றி மண்ணைக் கிளறினா. இவரும் பக்கத்தில் குந்தினார். மண்ணுக்குள் குண்டூசித் தலையளவில் பச்சையாய் நூறு முளைகள்! இருவரும் தலையோடு தலை முட்ட, அவ கிரேக்கத்திலும் இவர் தமிழிலும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு எண்ணினார்கள்.

பிரெட் படிவத்தைக் காட்டி, "களை என்ற இடத்தில் என்ன எழுத?" என்று கேட்டான். கோஸ்டா அதை வாங்கித் தானே எழுதினார். ஒரு வருசத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, அடியில் கையால் ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: குடியிருப்போர் பின்வளவில் களை பிடுங்கக்கூடாது. நான் அதை நாலு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நிரோசா பள்ளிக்கூடத்தால் வந்ததும் கடதாசியைக் காட்டினேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

முளைகள் வெட்டுக்கு வந்ததும் வரதராஜனிடம் இவர் ஒரு கட்டுக் கீரையோடு போய் வந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கோடை இன்னும் முடியவில்லை, மழையும் இல்லை. கண்டறியாத கீரை என்று திட்டியவள் நானேதான், இப்போது விடிய எழும்பிச் சவர்க்காரம் போடாமல் குளித்து, அந்தத் தண்ணீரை ஒரு சொட்டும் சிந்தாமல் வளவுக்குச் சுமக்கிறேன்.