அறுப்பு கழியட்டும்

அம்மாவின் நெஞ்சுக்குள் கேட்ட சத்தத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். நாகர்கோவிலில் ஒரு டாக்டரின் அறை. சன்னலுக்கு வெளியே மழை விட்டுப்போய், ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் நெடுநேரம் அம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் என்பதாலோ, என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ, அதைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டார். கடிகாரம் போல ஒரு துடிப்பை எதிர்பார்த்தேன். ஆனால் எனக்குக் கேட்டது, தூரத்து மரப்பாலத்தின் மேல் கட்டைவண்டி உருண்டு போகிற சத்தம். உருளும், ஒரு கணம் நிற்கும், மறுபடி உருளும். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்க முயன்றேன்.

"கேட்டுதா? நெஞ்சுக்குள்ள ஒரு கதவு உண்டு. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல அது ஒட்டிப்போச்சு. ரத்தம் தாராளமாப் போக வழியில்லாமத்தான் இந்த மூச்சுமுட்டல்" என்றார் டாக்டர். மருந்தால் இனி பெரிதாக ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, விரலை உள்ளே விட்டு அந்தக் கதவை விரித்துவிடுகிறார்களாம். "புதுசாத்தான் செய்யுதாங்க. பிழைச்சு வந்தவங்க உண்டு." அவர் சொல்லாமல் விட்ட மிச்சமும் எனக்குக் கேட்டது. கதவோரம் அப்பா குடையைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். "அறுப்பு கழியட்டும். பொறவு போலாம்."

நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர் அன்று திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. ஊரைச் சுற்றி வயல். அப்பாவுக்கு அதைத் தவிர வேறு உலகம் கிடையாது. வரப்பில் நல்லபாம்பு கிடந்தால் மற்றவர்கள் ஓடுவார்கள். அப்பா நின்று, அது போகிற திசையைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்வார். நெஞ்சுரம் உள்ள மனிதர் என்று ஊரில் பேர். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கன்னிப்பூ அறுவடை முடிந்தது. உடனே அடுத்த போகமான கும்பப்பூவுக்கு உழவு, நாற்று, நடவு. "இந்த அறுப்பும் கழியட்டும்" என்றார். வயலுக்கு அவர் இல்லாமல் முடியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்தே உறங்குவாள். உலையில் அரிசி போட்டுவிட்டு, அடுப்பங்கரைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கேட்டால், புகை என்பாள்.

அந்த மாதங்களில் பயம் எனக்குள் எப்படிக் குடியிருந்தது என்பதைச் சொல்வது கடினம். அது அழுகையாக வரவில்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன். தெருவில் வண்டி ஒன்று உருண்டு போகும். கரும்பலகையில் என் கை நின்றுவிடும். எழுதிக்கொண்டிருக்கும் சுட்டுவிரலையே பார்ப்பேன். இத்தனை பருமனுள்ள ஒன்று, துடித்துக்கொண்டிருக்கும் நெஞ்சுக்குள் எப்படி நுழையும்? நுழைந்த பின் துடிப்பு நிற்காதா? பிள்ளைகள் அடுத்த வரிக்காகக் காத்திருப்பார்கள். பள்ளி விட்டு வரும்போது தெருமுனையிலேயே நடை தளர்ந்துவிடும். எங்கள் வீட்டு வாசலில் ஆள் கூடி நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கால் முன்னால் போகும். அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த தெருவில் இருந்தாள். தினமும் வந்து, அம்மாவின் காதுபடவே அப்பாவிடம் சொல்வாள்: "நெஞ்சைக் கீறினா பொறவு என்னலே மிஞ்சும்? இருக்கது வரைக்கும் வீட்டுல இருக்கட்டும்." அத்தைக்கு அம்மாமேல் பிரியம் உண்டு. அதனால்தான் அந்தப் பேச்சு இன்னும் கிலியூட்டியது.

தை பிறந்த பிறகு ஒரு நாள், கொல்லையில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அம்மா இருமினாள். முந்தானையைச் சட்டென்று சுருட்டி இடுப்பில் செருகினாள். நான் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சிவப்பு. "வெத்தலை எச்சில்டி" என்றாள். அம்மா வெற்றிலை போடுகிற வழக்கமே இல்லை. அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், குழம்பை ஊற்றிவிட்டு அவர் எதிரிலேயே அம்மா உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அறுப்பு கழியட்டும்னு சொல்லுதீங்க. நெல்லறுக்க ஊருல ஆளுண்டு. எனக்கு மூச்சுதான் இல்ல. நான் போறேன். நீங்க வந்தா சரி, வரலைன்னா இவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உண்ணவில்லை.

புறப்பட வேண்டிய காலையில், கூட வருவதாகச் சொல்லியிருந்த அப்பாவைக் காணவில்லை. பெட்டி வாசலில் இருந்தது. அம்மா நல்ல சேலை உடுத்து, பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸைத் தவற விட்டால் திருநெல்வேலியில் ரயில் கிடைக்காது. எங்கே இருப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓடினேன். எங்கள் வயலில், முற்றிச் சாய்ந்த கதிர்களுக்கு நடுவே, பயணத்துக்கென்று வெளுத்து வைத்த வேட்டியோடு கணுக்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, நேரமாச்சு."

அவர் திரும்பவில்லை. "மக்கா, நான் கொண்டுபோயி விட்டு, அவ திரும்பி வரலைன்னா? கூட்டிக்கிட்டுப் போயி கொன்னவன் நானுல்லா?"

அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்லாதது. எத்தனையோ மாதமாக அவர் தள்ளிப்போட்டது வயலுக்காக அல்ல என்பது அந்த வரப்பில்தான் எனக்கு விளங்கியது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பயத்துக்கு எங்கள் ஊரில் சொல்லும் வார்த்தைதான் வந்தது.

"எனக்கும் பேடியாத்தான்பா இருக்கு."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்குமா? நீ படிச்ச பிள்ளையில்லா?"

"படிச்சதுனால கூடுதலாத் தெரியுது."

"அம்மைக்கு?"

"கேட்டேன். பேடிக்கதுக்கும் மூச்சு வேணும்லா மக்கா, என்கிட்ட அது இல்லைன்னு சொன்னா."

அப்பாவின் முகம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரிந்திருக்காது. வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவினார். சேறு படிந்த வேட்டியோடே பஸ் ஏறினார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸையே ஆட்டியது. அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். முன் சீட்டில் இருந்த அப்பா அடிக்கடி திரும்பிப் பார்த்தார். ஆளுக்கொரு பயத்தை மறைத்து வைத்திருந்த வீடு அது. இப்போது அப்பாவின் பயம் எனக்கும், என் பயம் அவருக்கும் தெரிந்துவிட்டது. பயம் குறையவில்லை. ஆனால் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறக்கப்போகிற டாக்டரைப் பார்த்ததும் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தேன். ஒல்லியான, நீண்ட விரல். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. நுனியில் பேனா மை. அவர் எங்களோடு பொறுமையாகப் பேசினார். ஒன்றும் என் மனதில் தங்கவில்லை. இந்த விரல் நாளைக்கு நடுங்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை நர்ஸ் வந்து, நகை எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது என்றாள். கம்மல், மூக்குத்தி, வளையல் எல்லாம் என் கைக்கு வந்தன. பிறகு அவள் தாலியைக் காட்டினாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா யாரையும் எதிர்பார்க்கவில்லை. தானே கழற்றினாள். அப்பாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "வச்சிருங்க. வந்து வாங்கிக்கிடுதேன்." பக்கத்துக் கடைக்குப் போகிறவள் சொல்வது போலச் சொன்னாள். வெறுங்கழுத்தோடு அம்மாவை அன்றுதான் பார்த்தேன். அவளைப் படுக்கவைத்த தள்ளுவண்டி திரும்பி மறைந்தது.

நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். யாரோ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து படிகளைக் கழுவினார்கள். வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகர்ந்தது. இப்போது கீறியிருப்பார்கள், இப்போது விரல் உள்ளே போயிருக்கும் என்று என் மனம் தன்பாட்டுக்கு ஓடியது. அந்த அறைக் கதவு அசையும்போதெல்லாம் அப்பா எழுந்து நின்று, வேறு யாரோ என்று கண்டு உட்கார்ந்தார். மூடிய கையை மடியில் வைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், மறு கையால் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

டாக்டர் வந்தபோது அவர் சட்டையெல்லாம் வேர்வை. "கதவு திறந்தாச்சு" என்றார்.

அப்பா எழுந்து, அறைக் கதவைப் பார்த்தார். "எந்தக் கதவு?" என்றார்.

டாக்டர் அவர் தோளைத் தொட்டு, "உங்க வீட்டம்மா நெஞ்சுல உள்ளது" என்றார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூடிய கை திறக்கவில்லை. மரத்துப் போயிருந்தது. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். உள்ளங்கையில் தாலி பதிந்த தடம் கருஞ்சிவப்பாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிய ரயிலில், பகல் வெளிச்சத்தில், என் மடியில் தலை வைத்து அம்மா நன்றாகக் கால் நீட்டி உறங்கினாள். எதிரே இருந்த அப்பா சற்று நேரம் பார்த்துவிட்டு, முன்னால் குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்தார். அடுத்த ஸ்டேஷன் தாண்டியதும் மறுபடி வைத்தார். அம்மா கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன். உறங்க விடுங்க" என்றாள். அப்பா வெட்கத்தோடு கையை இழுத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து மறுபடியும் வைத்தார்.

அம்மா நெடுங்காலம் இருந்தாள். வயலுக்குக் கஞ்சி கொண்டு போனாள், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். அப்பாவின் பயம் மட்டும் தீரவே இல்லை. அம்மா கண்ணயர்ந்தால் போதும், அந்த விரல் வந்துவிடும். அவள் எரிந்து விழுவாள், அவர் கேட்கமாட்டார். கடைசியில் முதலில் போனவர் அவர்தான். அந்தக் காரியங்களெல்லாம் முடிந்து நான் என் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அம்மாவின் கண்கள் சிவந்திருப்பதைப் பார்த்து, "உறங்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"உறக்கம் வருது. ஆனா மூக்குக்கிட்ட கை வரலைன்னா முழிப்புத் தட்டிருது, மக்கா" என்றாள்.