கண்ணாடிக்குள் பசி

பேய் என்றால் ராத்திரி என்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்த ஆய்வகத்தில், என் இரண்டு கண்ணால் பார்த்தது இது.

குழந்தைகள் மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிப்பது என் வேலை. அன்று வந்தது ஐந்து வயதுப் பையனின் எலும்பு மஜ்ஜை. டாக்டர் சந்தேகப்பட்டது மிக அபூர்வமான நோய். நம் உடம்பில் துப்புரவுச் செல்கள் உண்டு. கிழண்டுபோன சிவப்பணுக்களை விழுங்குவது அவற்றின் வேலை. ‘போதும்’ என்று கட்டளை வந்தால் நிறுத்திவிடும். இந்த நோயில் அந்தக் கட்டளை எடுபடாது. நல்ல அணுக்களையும் விழுங்கித் தீர்க்கும். வேலியே பயிரை மேய்கிற கதை.

வாசலில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார்.

“ஏத்துற ரத்தமெல்லாம் எங்கதான் சார் போகுது?”

“பாத்துச் சொல்றேம்மா.”

மஜ்ஜையை இரண்டு கண்ணாடி ஸ்லைடுகளில் மெல்லிசாக இழுத்துத் தடவினேன். ஒன்று பார்க்க, ஒன்று பெட்டியில் பத்திரப்படுத்த. புதுச் சாயப் புட்டி திறந்தால், சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று ஒப்பிட எங்கள் ரத்தத்தையே ஒரு துளி எடுப்பது வழக்கம். என் விரலைக் குத்தி மூன்றாவது ஸ்லைடு போட்டேன். மூன்றையும் மெத்தனாலில் முக்கிச் சாயமேற்றினேன். மெத்தனால் பட்டதுமே செல்கள் செத்துக் கண்ணாடியோடு ஒட்டிவிடும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பையனின் இரண்டாவது ஸ்லைடும் என்னுடையதும் அருகருகே பெட்டிக்குள் போயின.

மைக்ராஸ்கோப்பில் ஒரு பெரிய துப்புரவுச் செல். அதன் வயிற்றுக்குள் இரண்டு சிவப்பணுக்கள். சந்தேகம் சரிதான். வார்டு டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே மருந்து ஆரம்பிப்பதாகச் சொன்னார்.

திரும்பி வந்து குனிந்தேன்.

மூன்று.

பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் பெண் சிரித்தாள். “சாப்பிடாம உக்காந்தா எல்லாம் சாப்பாடாத்தான் தெரியும்ணே.”

“நீயே வந்து எண்ணு.”

குனிந்தாள். “அஞ்சு இருக்கேண்ணே...” சிரிப்பு நின்றது.

ஸ்லைடை நான் நகர்த்தவே இல்லை. அதே இடம். அதே செல். சுற்றியிருந்த அணுக்களைக் காணோம்.

ஏழு.

“ளக்...”

யாரோ விழுங்குகிற சத்தம். லென்சுக்கு அடியிலிருந்து...

போன் அலறியது. வார்டு டாக்டர். “பையனுக்கு ரத்தம் ஏத்த ஏத்த அளவு இறங்குதுங்க. எங்கயும் கசிவும் இல்ல...”

ஸ்லைடைப் பிடுங்கினேன். அமிலத்தில் போட்டேன்.

சத்தம் நின்றது.

பிழைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

“ளக்...”

பெட்டிக்குள்ளிருந்து.

மூடியில் கை வைப்பதற்குள் மறுபடி போன்.

“பையன் போயிட்டான்.”

வாசலில் நாற்காலி காலியாக இருந்தது.

மறுநாள்தான் பெட்டியைத் திறந்தோம். பையனின் ஸ்லைடில் ஒரு சிவப்பணு கூட மிச்சமில்லை. அந்தப் பெரிய செல்லும் இல்லை. பக்கத்து மேசைப் பெண் அடுத்த ஸ்லைடை வைத்துக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“அண்ணே... இது யாரோடது?”

என்னுடையது. விரல் ரத்தத்தில் அந்த வகைச் செல் இருக்க வழியே இல்லை. ஆனால் ஓரத்தில் ஒன்று இருந்தது. வயிற்றில் இரண்டு.

இதை எழுதும்போது என் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்று நான் யாரையும் கேட்கவில்லை.