தேன் எடுக்குமுன் ஒரு விசில்

முன்னேஸ்வர தரிசனம் முடித்துப் புத்தளத்துக்கு வடக்கே வந்திருக்கிறேன். சுண்ணக்கல் அகழ்ந்து தீர்ந்த குழியை மூடி நட்ட மரங்களிடையே தேனீப் பெட்டிகள் நிற்கின்றன. முன்பு இங்கே எச்சரிக்கை விசில் ஊதிப் பாறைக்கு வெடிவைத்த நவுபர் முதற்பெட்டியைத் திறக்கப்போகிறார். தேன் இல்லையெனில், குடும்பத்தைப் பிரிந்து தொலைவிலுள்ள வேறொரு கற்குழிக்கு அவர் போகவேண்டும்.

திறக்குமுன் நீளமாக விசில் ஊதுகிறார். நான் பதறிப் பின்வாங்குகிறேன்.

“வெடி இல்ல ஐயா, பழக்கதோஷம்,” என்கிறார் அவர் மனைவி. “சோத்துப் பானை திறக்கவும் ஊதுவாரு.”

தேனடைச் சட்டத்தை உயர்த்தியதும் தேன் பொன்னாய் வழிகிறது. தேனே என்று இறைவனை நாள்தோறும் அழைக்கும் என் நாவில் நவுபர் ஒரு துளி வைக்கிறார்.

“மாஷா அல்லாஹ்,” என்கிறார் மனைவி கணவரிடம். “கட்டிவெச்ச பயண பேக்கக் கொட்டித் தாங்க. போத்தல் அடுக்க வேணும்.”