எழுபத்தொன்றாம் பக்கத்து மனைவி

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் பிரெஞ்சில் எழுதிய ஒரு தத்துவ ஆய்வேட்டை நான்தான் தட்டச்சு செய்தேன், அதுவும் முழுசாக இரண்டு தடவை, மூன்றாவதாகப் பாதி. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கனடாவில், பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியாலில், தெருவிலிருந்து இரும்புப் படிக்கட்டு வளைந்து ஏறும் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். என் கணவர் சென்னையில் தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், டாக்டர் பட்டத்துக்காக இங்கே வந்தார். ஆய்வு, சுதந்திரத்தைப் பற்றி. மனிதன் ஒவ்வொரு நொடியும் தானே தேர்ந்தெடுக்கிறான், 'எனக்கு வேறு வழியில்லை' என்று சொல்கிறவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான் என்று பாரிஸில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாரே, அவருடைய தத்துவம். நான் திருச்சியில் கணிதம் படித்தவள். வாரத்தில் ஐந்து நாள் பஸ் பிடித்து, ஊர்க்கோடியில் இருக்கும் புவாண்ட்-கிளேருக்குப் போய், ஒரு கிடங்கு அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் அடிப்பேன். சனி, ஞாயிறு வீட்டில் உட்கார்ந்து சுதந்திரத்தை அடிப்பேன்.

அர்த்தம் தெரியாமல் எப்படி அடிப்பது என்றால், எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான். அவர் கையெழுத்து வேறு கோழி கிளறின மாதிரி இருக்கும். எங்கே எழுத்தின் தலையில் கோடு, எங்கே காலில் வால் என்று கண் பூத்துப்போகும்.

ஒரு தடவையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பாரிஸில் யாராவது புதுப் புத்தகம் போட்டால் எங்கள் வீட்டில் ஓர் அத்தியாயம் குப்பைக்கூடைக்குப் போகும். சுதந்திரமாவது ஒன்றாவது, மனிதனைப் பேசவைப்பதே மொழியும் சமூக அமைப்பும்தான் என்று அடுத்து ஒருவர் வந்தார். அவரைப் படித்துவிட்டு என் கணவரின் பேராசிரியர், "இவருக்கும் பதில் சொல்லு, இல்லாவிட்டால் ஆய்வு செல்லாது" என்றாராம். மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். நல்ல கூத்து!

இதற்கு நடுவில் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. இங்கேயே ஓர் ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில், கணித மேற்படிப்புக்கு. முதல் வருஷம் அவருடைய உதவித்தொகை நின்றுபோனது. வேலைக்குப் போகவேண்டும் என்று இடத்தைத் தள்ளிப்போட்டேன். இரண்டாம் வருஷம் இரண்டாவது தட்டச்சு. அப்போதும் தள்ளிப்போட்டேன். மூன்றாவதாக வந்த கடிதத்தில், இதற்குமேல் தள்ளிப்போட முடியாது, ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் வேண்டும் என்று இருந்தது. அவர் மூன்றாவது பிரதியைக் கையில் கொடுத்திருந்தார். வர இயலவில்லை என்று பதில் அடித்து வைத்துவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி.

கீழ்வீட்டில் ஒரு பிரெஞ்சுக்காரி இருந்தாள். பதினோரு வருஷம் கன்னிமடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்தவள். இந்தப் பாரிஸ்காரர்களைப் படித்துத்தான் வந்தாளாம். அப்போது புதிதாகத் திறந்த கல்லூரிகளில் எந்தப் பாடம் எடுத்தாலும் தத்துவமும் படித்தே ஆகவேண்டும். அப்படி ஒரு கல்லூரியில் அவள் ஆசிரியை. "முன்னாடி பாதிரியார் சொன்னதை மனப்பாடம் பண்ணினோம். இப்போ பசங்க பாரிஸ்காரர் சொன்னதை மனப்பாடம் பண்றாங்க" என்று திக்கித்திக்கி இங்கிலீஷில் சொல்வாள். சனிக்கிழமை மத்தியானம் மேலே வந்து, நான் அடித்த பக்கங்களில் விட்டுப்போன கோடுகளையும் வால்களையும் பேனாவால் போட்டுக்கொடுப்பாள். பதிலுக்கு எலுமிச்சம்பழ சாதம். அவளுக்கு அது உயிர்.

எழுபத்தொன்றாம் பக்கம் வந்தபோது நானே ஒரு வார்த்தையைப் படித்துவிட்டேன். அத்தனை பிரெஞ்சுக்கு நடுவில், ஆங்கில எழுத்தில், 'தலையெழுத்து' என்று எழுதியிருந்தார். நான் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அடடே, நம்ம தமிழ் வார்த்தை பிரெஞ்சு ஆராய்ச்சியில் ஏறிவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த சனிக்கிழமை அவளிடம் காட்டி, "இதை மட்டும் எனக்குச் சொல்லேன்" என்றேன்.

அவள் படித்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"இந்தப் பொண்ணு யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

பிறகு வரி வரியாகச் சொன்னாள். ஒரு மனைவி. கணிதம் படித்தவள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் இரண்டு முறை விட்டவள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆனாலும் பாத்திரத்தை நங்கென்று வைத்து, 'தலையெழுத்து' என்கிறாள். தேர்ந்தெடுக்க பயந்து அடுப்படிக்குள் ஒளிந்துகொள்கிறாள். தன்னையே ஏமாற்றிக்கொள்வதற்கு இவளைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதை என் பத்து விரலாலும் நானே அடித்திருந்தேன். ஒரு பிழைகூட இல்லை.

மறுநாள் காலை காபியை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன். "எழுபத்தொன்றாம் பக்கத்துல இருக்கறது நான்தானே?"

"அது சும்மா ஒரு உதாரணம். எந்த மனைவியா வேணாலும் இருக்கலாம்."

"எந்த மனைவி தலையெழுத்துன்னு சொல்றா? உங்க பேராசிரியர் பெண்டாட்டியா?"

அவர் காபியைக் கீழே வைத்தார். "இங்க பாரு, தப்பா ஒண்ணும் எழுதலையே. உன்னை யார் போக வேணாம்னு சொன்னா? நீயாத்தானே விட்டே?"

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சொன்னது நிஜம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அழுகைகூட வரவில்லை எனக்கு, அலுப்புதான் வந்தது. மூன்று வருஷத்து அலுப்பும் ஒன்றாக வந்து தோளில் உட்கார்ந்தது.

அடித்து வைத்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். வருகிறேன் என்று கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு தட்டச்சு மெஷினைத் தூக்கி அவர் மேஜையில் வைத்தேன்.

"அப்போ மிச்ச அத்தியாயம்?" என்றார்.

"உங்களுக்கும்தான் சுதந்திரம் இருக்கே" என்றேன்.

வேலையை மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். கொடியேற்றிக் கொண்டாடுகிற மாதிரி ஒன்றும் இல்லை. பனிக்காலத்தில் பஸ் கம்பியைப் பிடித்தபடியே தூங்குவேன். அவர் இரண்டு விரலால் அடித்து அடித்து, இரண்டு வருஷம் கழித்துப் பட்டம் வாங்கினார். அதற்குள் நானும் என் பட்டத்தை வாங்கியிருந்தேன். கீழ்வீட்டுக்காரியின் புண்ணியத்தில் பிரெஞ்சும் கொஞ்சம் படிக்க வந்திருந்தது.

நீல அட்டை போட்டு பைண்ட் செய்த பிரதியை அவர் கொண்டுவந்தபோது புரட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்று எழுபத்து நான்காகியிருந்தது. மற்றபடி ஒரு வரி மாறவில்லை.

"இதை இன்னும் எடுக்கலையா?"

"பேராசிரியருக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் அது" என்றார்.

பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. யார் எடுத்துப் பிரித்தாலும் எழுபத்து நான்காம் பக்கத்தில் அவள் இருப்பாள், கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, பாத்திரத்தை நங்கென்று வைத்தபடி.